பாயிரம் பாடுவோர்

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையையும் அதற்கு மேலுள்ள மற்றோர் அறையையும் வாடகைக்கு வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஐந்தாறு புத்தகங்களை வெளியிட்டு வருகிறார் என் நண்பர் ஒருவர். சென்ற மார்கழியில் ஒரு நாள் நான் அங்கே போயிருந்தபோது, ஒரு புதிய கவிதை நூலின் 300 பிரதிகள் அன்று காலையில்தான் பைண்டிங்கிலிருந்து வந்து இறங்கியிருந்தன. பசையின் வாசனை இன்னும் போகாத கட்டுக்களைப் பிரித்து, பாரங்கள் முன்பின் மாறாமல் கோக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு பிரதியாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் நண்பர். எதிரே, அந்த நூலை எழுதிய இளைஞர், தம் பெயர் அச்சிட்ட அட்டையைத் தொடவும் துணியாதவர்போல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஐயா, ஒரு விண்ணப்பம். இதற்கு விழா, விளம்பரம் ஒன்றும் வேண்டாம். நன்றாக இருந்தால் தானே தன் வழியைக் கண்டுகொள்ளும். இல்லையென்றால் போகட்டும்" என்றார்.

நண்பர் கையிலிருந்த பிரதியை முடிக்கிறவரையில் மறுமொழி சொல்லவில்லை. பிறகு, "தம்பி, கவிதை உங்களுடையது, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் புத்தகம் போட்டவன் நான். நானும் வாயை மூடிக்கொண்டால் இது இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்?" என்றார்.

அன்றிலிருந்து இந்தச் சிறிய சம்வாதம் என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த இளைஞர் வாயில் வந்தது வெறும் கூச்சம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதற்குப் பின்னால் நம் முன்னோர் பலகாலமாகப் போற்றி வந்த ஒரு தர்மம் நிற்கிறது. பாரதத்தில் கர்ண பர்வத்திலே, தமையனைக் கடிந்து பேசிவிட்ட பாவத்துக்காக உயிரை விட்டுவிடத் துணிந்த அர்ஜுனனை நோக்கி, உன்னை நீயே புகழ்ந்து பேசிக்கொள், அதுவே உன்னை நீ கொன்றுகொண்டதற்கு ஒப்பாகும் என்று கண்ணன் சொல்லுகிறான். தற்புகழ்ச்சிக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு வேறெங்கும் உண்டோ, நான் அறியேன். இப்படிப்பட்ட மரபிலே வந்த ஒருவன், தன் நூலைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்க நாணுவதில் வியப்பில்லை. ஆயினும், எழுதியவன் நாணுவது சரியென்றே வைத்துக்கொண்டாலும், எழுதப்பட்ட பொருள் வாசகனிடம் போய்ச் சேர வேண்டியதும் ஒரு தர்மமாயிற்றே. அந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதே என் கேள்வி.

நல்லது தானே வழி கண்டுகொள்ளும் என்பவர்கள் தில்லையில் திருமுறை கண்ட வரலாற்றைச் சான்றாகக் காட்டுவதுண்டு. தேவாரம் பாடிய மூவரின் கையடையாளமிட்டுப் பூட்டிய அறை திறக்கப்பட்டபோது ஏடுகளின் பெரும்பகுதி புற்றுக்கு இரையாகியிருந்ததென்றும், சோழ மன்னன் மனங்கலங்கி நின்றபோது, இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை மாத்திரம் வைத்து மற்றவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்று ஒரு வாக்கு எழுந்ததென்றும் அந்தப் புராணம் கூறுகிறது. காப்பவனும் கழிப்பவனும் இறைவனே என்றால் நமக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த வாக்கு எப்போது எழுந்தது என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பதிகங்களை யாரோ பாடக் கேட்டு மன்னன் உருகினான். எஞ்சியவை எங்கே என்று நம்பியாண்டார் நம்பியைத் தேடிப் போய்க் கேட்டான். மூவரும் நேரில் வந்தாலன்றிக் கதவு திறவாது என்று தில்லைவாழந்தணர் சொல்ல, மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கொண்டுவந்து நிறுத்தினான். புற்றின்மேல் எண்ணெய் சொரிந்து ஏட்டை எடுத்தார்கள். இத்தனை மனிதப் பிரயத்தனமும் முடிந்த பிற்பாடுதான் வானிலிருந்து ஆறுதல் வந்தது. கதவைத் திறக்க எவரும் வராமலிருந்தால், எஞ்சியிருந்த ஏடுகளையும் செல் தின்று தீர்த்திருக்கும்.

வைஷ்ணவ சம்பிரதாயத்திலும் இதற்கு இணையான வரலாறு ஒன்று இருக்கிறது; எனக்கு அது இன்னும் நெருக்கமானது. வீரநாராயணபுரத்திலே வாழ்ந்த நாதமுனிகள், குடந்தை ஆராவமுதனைப் பற்றி யாத்திரிகர்கள் சிலர் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டார். அவற்றின் முடிவுப் பாட்டிலே, இவை குருகூர்ச் சடகோபர் பாடிய ஆயிரத்துள் ஒரு பத்து என்ற குறிப்பு இருந்தது. எஞ்சியவற்றைக் கேட்டபோது அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் குறிப்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அவர் குருகூர் வரையில் நடந்து, சடகோபரின் சீடரான மதுரகவிகளின் பாசுரங்களைப் பன்னீராயிரம் தடவை ஜபித்து, அந்த ஆயிரம் உட்பட ஆழ்வார்களின் நாலாயிரத்தையும் பெற்று மீண்டார் என்பது குருபரம்பரைச் செய்தி. நாலாயிரமும் நமக்குக் கிடைத்ததற்கு மூலகாரணம், ஒரு பதிகத்தின் கடைசியில், பாடியவர் பெயரையும் ஊரையும் பாட்டின் எண்ணிக்கையையும் சொல்லி வைத்த அந்தச் சிறு அறிவிப்பே.

இது எனக்குப் பெரிய வெளிச்சமாகப் பட்டது. தம்மைத் துரும்பென்று சொல்லிக்கொண்டவர்கள் ஆழ்வார்கள். அடியார்க்கும் அடியாரென்று தாழ்ந்து நின்றவர்கள் நாயன்மார்கள். அவர்களிலேயே பலர் தம் பதிகங்களின் முடிவிலே இன்ன ஊரான், இன்னான் சொன்னது இது, இதை ஓதுவார் இன்ன பேறு பெறுவர் என்று தவறாமல் பதித்து வைத்தார்கள். திருஞானசம்பந்தரின் திருக்கடைக்காப்பில் சீகாழியின் பெயரும் அவர் பெயரும் திரும்பத் திரும்ப வருகின்றன. இது அகங்காரமாகுமா? பாட்டைக் கேட்டவன் மறுபடியும் அதைத் தேடி வரவேண்டுமானால் அதற்கு ஒரு முகவரி வேண்டும் என்ற கருணை அது. 'நான்' என்ற சொல் இருக்கும் இடத்திலெல்லாம் அகந்தை இருப்பதில்லை; அகந்தை இருக்கும் இடத்தில் அந்தச் சொல் வராமலே போவதும் உண்டு. என் நூல் தானாகவே நிற்கும் என்று ஒதுங்கி இருப்பதிலே, எவர் தயவும் எனக்கு வேண்டாம் என்ற ஒரு நுண்ணிய கர்வம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை அந்த இளைஞரிடம் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

இலக்கண நூலாரும் இந்தச் சிக்கலை அறிந்தே இருந்தார்கள். நன்னூல் செய்த பவணந்தியார் சமண முனிவர், துறவி. அவர் ஒரு நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்கிறார்: மாடத்துக்குச் சித்திரம்போலவும் நகரத்துக்குக் கோபுரம்போலவும் அது நூலின்முன் நிற்க வேண்டும், ஆயிரம் முகமாக விரிந்த நூலேயானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலாகாது. ஆனால் நூலைச் சிறப்பித்துச் சொல்லும் அந்தப் பாயிரத்தை நூலாசிரியனே பாடலாகாது. அவன் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், உரைகாரன் ஆகியோருள் ஒருவர் பாட வேண்டும். தன்னைத்தான் புகழ்தல் தகாது என்ற விதிக்கும், அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையிலே வாதில் வெல்ல வேண்டியபோதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் என்று நான்கு விலக்குக்களைத் தந்திருக்கிறார். ஒரு துறவி எத்தனை நயத்தோடு இந்த விஷயத்தைப் பகுத்து வைத்திருக்கிறார் என்று எண்ணும்போது மனம் குளிர்கிறது. எழுதுகிறவன் அடங்கியிருக்கலாம், அவனுக்காக இன்னொருவன் வாய் திறந்தாக வேண்டும்.

சிறு பதிப்பாளர் என்ற மனிதரை இந்த நால்வரோடு ஐந்தாமவராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு. இதற்குச் சென்ற நூற்றாண்டு காட்டும் சாட்சி சி. சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய அவர், எழுத்து பிரசுரம் என்ற பெயரில் நூல்களையும் வெளியிட்டார். இருபத்துநான்கு புதுக்கவிஞர்களைச் சேர்த்து 1962-இல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். கவிதை யாப்பை மீறலாமா என்று பெரியவர்கள் சினந்துகொண்டிருந்த காலம் அது. கடைகள் ஏற்காத அந்தப் புத்தகங்களைப் பையிலே கட்டித் தோளில் சுமந்துகொண்டு, ஊர் ஊராகக் கல்லூரிகளின் வாசலில் போய் நின்றார். தம் நூல்களை மாத்திரமா சுமந்தார்? பிறர் எழுதியவற்றையும் அதே தோளில் சுமந்தார். முதுமையில் 'சுதந்திர தாகம்' என்ற நாவலை மூன்று பாகங்களாக 1997-இல் தாமே வெளியிட்டு, அடுத்த ஆண்டே காலமானார். 2001-இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. கர்மத்தில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்ற கீதையின் வாக்கைப் பலரும் மேடைகளில் விளக்கக் கேட்டிருக்கிறேன். அந்தப் பையின் வாரைப் பற்றிய தோள் சொல்லும் அளவுக்குத் தெளிவாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. நூல் விற்பது பலன். நூல் இருக்கிறதென்று சொல்வது கர்மத்தின் கடைசி அங்கம். இதைப் பலனோடு சேர்த்து எண்ணி விட்டுவிடுகிறவன் வேள்வியைப் பூர்ணாஹுதி கொடுக்காமல் நிறுத்திவிடுகிறான்.

சீகாழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியான தம் நூலில் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தபோது, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் என்று சொன்னதோடு நில்லாமல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்று தனியே ஒரு விதியையும் வைத்தார். புத்தகத்துக்கும் ஒரு தவிப்பு உண்டென்பதுபோல் அதைச் சொல்லிவிட்டார்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு குறையையும் மறைக்கலாகாது. பாயிரம் பாடுகிற உரிமை பொய் பாடுகிற உரிமையன்று. படிக்காமலே எழுதிய அணிந்துரைகளையும், வெளியாகும் நூலெல்லாம் யுகத்தின் நூலென்று முழங்கும் விழாக்களையும் கண்டு கண்டு வாசகன் செவிடாகிவிட்டான். அந்தப் பேரிரைச்சலில் முதலில் அமிழ்ந்து போவது, முந்நூறு பிரதிகளோடு வரும் முதல் நூல்தான். இதற்கும் பவணந்தியாரிடமே மருந்து இருக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டையும் பாயிரம் தெரிவிக்க வேண்டும் என்கிறார். இவற்றுள் கேட்போர் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த நூல் யாருக்கு என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, இது யாருக்கு அன்று என்றும் சொல்லத் தெரியும்.

இதை நான் கண்ணால் கண்டேன். தை பிறந்த சமயத்தில் நந்தனத்தில் நடந்த புத்தகக் காட்சியில், நண்பரின் சிறிய கடையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு தத்துவ நூலை வெகுநேரம் நின்றபடியே புரட்டினார். நண்பர் தம் முக்காலியை அவர் பக்கம் நகர்த்தி, "உட்கார்ந்து பாருங்கள் ஐயா" என்றார், பிறகு, "இதில் முன்பாதி நன்றாக இருக்கும், பின்பாதி வாதப் பிரதிவாதம், உங்களுக்கு அலுத்துவிடும். நூலகத்தில் எடுத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்கலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு விற்பனை மந்தம்; கடை வாடகைக்கே தேறுமோ என்ற நிலைமை. பெரியவர் சிரித்துக்கொண்டே, "சரி, எனக்கு எது பொருந்தும், நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

நண்பர் சொல்லத் தொடங்குமுன், மூலையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்த அந்த இளங்கவிஞர் எழுந்து வந்தார். அவருடைய நூல் முன்வரிசையிலேயே இருந்தது. அதைக் கடந்து கைநீட்டி, வேறொரு புதிய எழுத்தாளரின் சிறுகதைத் தொகுதியை எடுத்தார். "ஐயா, இதில் மூன்றாவது கதையை மட்டும் இங்கேயே படித்துப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடத்து மணியடிக்கிறவரைப் பற்றியது" என்று ஆரம்பித்தவர், அந்தக் கதையில் மணியின் நாக்கு எதனால் ஆனது, அதை அவர் எந்தத் துணியால் துடைப்பார் என்பது வரையில், கால் மணி நேரம் முகம் மலரப் பேசிக்கொண்டே இருந்தார். பெரியவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூன்றாவது கதையைப் பிரித்தார். நண்பர் என்னைப் பார்க்கவில்லை. ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் கார்பன் தாளைச் செருகிக்கொண்டிருந்தார்.