யாரைக் கேட்டு?

தமிழில் 'கேள்' என்ற வினைச்சொல்லுக்கு வேலை அதிகம். "வழி கேட்டேன்" என்றால் விசாரித்தேன். "பாட்டு கேட்டேன்" என்றால் காது கொடுத்தேன். "அவன் யார் பேச்சையும் கேட்கமாட்டான்" என்றால் அவனுக்குக் காதில் கோளாறு என்று அர்த்தமில்லை. சொன்னபடி நடக்கமாட்டான் என்று அர்த்தம். விசாரிப்பது, செவிகொடுப்பது, இணங்கி நடப்பது: மூன்றுக்கும் ஒரே சொல். திருக்குறளில் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அது வினா எழுப்புவதைப் பற்றியது அல்ல, காதால் கேட்டு அறிவு பெறுவதைப் பற்றியது.

அரசாங்க மொழியில் 'கருத்துக் கேட்புக் கூட்டம்' என்று ஒன்று உண்டு. சாலை விரிவாக்கம், குப்பைக் கிடங்கு, நகரத்துக்கான முழுமைத் திட்டம் என்று எது வந்தாலும் ஒரு மண்டபம், ஒரு மைக், வரிசையாக அதிகாரிகள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் மக்கள். இதில் எந்தக் 'கேட்பு' நடக்கிறது? வருகிறவர் மூன்றாவது அர்த்தத்தை நம்பி வருகிறார்: நான் சொன்னால் ஏதாவது மாறும். நடத்துகிறவர் பெரும்பாலும் முதல் அர்த்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார். கோப்பில் "கேட்டாச்சு" என்று பதிவாகிவிடுகிறது. சட்டப்படி யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வீடு திரும்புகிறவருக்கு ஏமாந்த உணர்வு. அந்த உணர்வு நியாயமானதா? நம் தெருவின் எதிர்காலம் பற்றி நம்மைக் கேட்க வேண்டும் என்றால், எந்த அர்த்தத்தில் கேட்க வேண்டும்?

1969-இல் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படிகளில் மக்களைத் தங்கள் விருப்பத்துக்கு வளைப்பது. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சும்மா சமாதானப்படுத்துவது. மேலே போகப் போக அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது, உச்சியில் மக்களே முடிவெடுப்பது. அதிகாரம் கைமாறாத பங்கேற்பு வெறும் சடங்கு என்பது அவர் வாதம். கவனியுங்கள், நாம் பெருமையாகப் பேசும் 'கருத்துக் கேட்பு' அந்த ஏணியில் நடுப்படிதான். அதற்கு மேல் இன்னும் ஏற வேண்டியிருக்கிறது.

நம் ஊர் ஏணி எப்படி இருக்கிறது? 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் முதலாவதே நகரத் திட்டமிடல். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றும் அது சொன்னது. ஆனால் சென்னையின் முழுமைத் திட்டத்தைத் தயாரிப்பது மாநகராட்சி மன்றம் அல்ல; அமைச்சர் தலைமையில் இயங்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே கிடையாது. ஐந்து வருஷத்துக்கு மேல், தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்வதற்குக்கூட நாம் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர் வார்டில் இல்லை. 2022-இல்தான் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபாக்களுக்கும் விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் கூட்டங்கள் நடந்தன. கிராமத்தில் கிராம சபை என்றால் எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் உங்கள் பகுதி சபா எங்கே, எப்போது கூடுகிறது என்று பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

இதெல்லாம் நிர்வாகக் குறை, சரிசெய்துவிடலாம் என்று தோன்றலாம். ஆனால் கேட்காமல் விடுவதால் ஒருவருக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால்தான் இது ஏன் அறம் பற்றிய கேள்வி என்பது விளங்கும்.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டித் தருவது முக்கிய வழியாக இருந்தது. 2000-க்குப் பிறகு காற்று திசை மாறியது. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் வேகமெடுத்தது. மைலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், சிந்தாதிரிப்பேட்டையில் மூட்டை தூக்கியவர், திடீரென்று இருபது கிலோமீட்டருக்கு அப்பால். "நல்ல கான்கிரீட் வீடுதானேம்மா குடுக்குறோம்?" என்று அதிகாரி கேட்டால், "வீடு குடுக்குறீங்க சார், வேலைக்கு எப்படிப் போறது?" என்ற பதில்தான் வரும். அதிகாரி சொல்வதும் உண்மை. ஓலைக் கூரையை விட கான்கிரீட் பாதுகாப்பானது. ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை கூரையில் மட்டும் இல்லை. பஸ் ரூட்டில், கடன் தரும் மளிகைக் கடையில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. இது எந்த வரைபடத்திலும் கிடையாது. அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

கண்ணகி நகர் என்ற பெயரையும் கொஞ்சம் யோசிக்கலாம். அரசனின் வாசலில் போய் நின்று நியாயம் கேட்டவள் கண்ணகி. கேட்பதில் பாண்டியனைக் குறைசொல்ல முடியாது. வாயிற்காவலன் வந்து சொன்னதும் அவளை உள்ளே விட்டான். அவள் பேச இடம் கொடுத்தான். சிலம்பை உடைத்துக் காட்டியபோது ஆதாரத்தை ஏற்றுக்கொண்டான், தன் பிழையை உணர்ந்து அங்கேயே உயிரை விட்டான். மூன்று அர்த்தத்திலும் முழுமையாகக் கேட்ட அரசன் அவன். ஆனால் கோவலன் அதற்கு முன்பே வெட்டப்பட்டுவிட்டான். தீர்ப்புக்குப் பிறகு எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் அது கேட்பு ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய கதை நம்மிடம் இல்லை. எந்த பிளாக், எந்த மாடி என்பது முடிவான பிறகு நடக்கும் கூட்டத்தில் குடிதண்ணீரைப் பற்றிப் பேசலாம், லிஃப்ட்டைப் பற்றிப் பேசலாம். போவதா வேண்டாமா என்பதைப் பேச முடியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும். நகரம் என்பது பெரிய இயந்திரம், அதன் நீரோட்டமும் போக்குவரத்தும் ஒரு தெருக்காரருக்கு எப்படித் தெரியும்? இதில் உண்மை இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எந்தக் கூட்டத்துக்கும் வந்து மைக் பிடிக்காது. ஒவ்வொரு பகுதியும் தன் வசதியை மட்டும் கேட்டால் வெள்ளம் அடுத்த பகுதிக்குப் போகும். வல்லுநர் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் எப்படிப்பட்ட வல்லுநர்?

பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914-இல் இந்தியாவுக்கு வந்தார். நகரத் திட்டமிடல் பற்றி அவர் சேர்த்து வைத்திருந்த கண்காட்சிப் பொருட்கள் தனிக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. சென்னை மீது குண்டு வீசி நம் பேச்சுவழக்கிலேயே இடம்பிடித்துவிட்ட அதே எம்டன் கப்பல் அதை மூழ்கடித்தது. மனிதர் அசரவில்லை. புதிதாகச் சேகரித்து 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார், சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். அடர்ந்த பழைய தெருக்களை இடித்து நேர்கோட்டில் ரோடு போடுவதுதான் அன்றைய பொறியாளர்களின் வழக்கம். கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு பாழடைந்தது, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே ஜனங்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பார்த்தார். நாலைந்து பாழ் வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் திறந்தவெளியாக்கினால் போதும் என்றார். அறுவை சிகிச்சைதான், ஆனால் உயிரைக் காக்கும் அளவுக்கு மட்டும். அவரும் மக்களிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிடவில்லை. இருந்தாலும் பார்க்கத் தெரிந்த வல்லுநர் குறைவாக இடிப்பார் என்பதைக் காட்டினார். அறிவுக்கும் கேட்புக்கும் பகை இல்லை. எந்த மழைக்கு எந்தப் படி வரை தண்ணீர் ஏறும் என்பது அந்தப் பகுதிக் கிழவிக்குத் தெரியும். அவரைக் கேட்காத ஹைட்ராலஜி அரைகுறையான ஹைட்ராலஜி.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. சரி, குடியிருப்போரைக் கேட்டுவிட்டோம், அவர்கள் சொன்னதே அநியாயமாக இருந்தால்? "எங்க தெருவுல தள்ளுவண்டி வேணாம்." "பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஏரியாவுல வச்சுக்கோங்க." "வீடில்லாதவங்களுக்கான விடுதியா? இங்கயா?" இவையும் மக்களின் குரல்தான். கூட்டத்துக்கு வர நேரம் இருக்கிறவர், மனு எழுதத் தெரிந்தவர், வீட்டுப் பத்திரம் பெயரில் உள்ளவர்: 'குடியிருப்போர்' என்றதும் முதலில் வந்து நிற்பவர்கள் இவர்கள்தான். வாடகைக்கு இருக்கும் பேச்சிலர் பையன்கள், அந்தத் தெருவில் இருபது வருஷமாக இட்லி விற்று இரவில் வேறெங்கோ போய்ப் படுப்பவர், மெட்ரோ கட்டிக்கொண்டிருக்கும் ஒடிசாக்காரர், இவர்களெல்லாம் குடியிருப்போரா? 2008-இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. அடுத்தது 2046-ஐ நோக்கியது. அந்த நகரத்தில் வாழப் போகிறவர்களில் பலருக்கு இன்று ஓட்டுரிமை கிடையாது.

ஆகவே "மக்களைக் கேளுங்கள்" என்ற கோஷம் மட்டும் போதாது. யாருக்கு எந்தக் கேட்பு என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. என் கருத்து இதுதான்: ஒரு முடிவால் ஒருவர் எவ்வளவு இழக்க நேரிடுமோ, அவ்வளவுக்கு அவர் பேச்சு செல்ல வேண்டும். கார் நிறுத்த இடம் போகிறவரிடம் விசாரிக்க வேண்டும், அவர் காரணத்துக்குக் காது கொடுக்க வேண்டும். பிழைப்பு போகிறவர் முடிவெடுக்கும் மேஜையில் உட்கார வேண்டும். வீடும் வேலையும் பள்ளிக்கூடமும் உறவும் சேர்ந்து போகிறவருக்கு "முடியாது" என்று சொல்லும் உரிமையே வேண்டும். உயிருக்கு ஆபத்தான ஆற்றங்கரை என்றால்கூட, அங்கிருந்து எங்கே போவது என்பதிலாவது அவர் பேச்சுதான் நடக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரின் குரல் உரக்கக் கேட்பதால் அது கனமான குரல் ஆகிவிடாது.

நடக்கிற காரியமா என்று கேட்கலாம். சட்டத்திலேயே இதன் சாயல் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதில் இடமுண்டு, சிறிய இடம். பிழைப்பு போகிறவருக்குப் பெரிய பங்கு என்ற கணக்கை நாடாளுமன்றமே ஒரு தடவை ஒப்புக்கொண்டுவிட்டது. வெளியே பார்த்தால், பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989 முதல் மாநகராட்சியின் முதலீட்டுப் பணத்தை எங்கே செலவிடுவது என்று பகுதி பகுதியாக மக்களைக் கூட்டி முடிவெடுத்தது. ஏழைகள் திரளாக வந்தார்கள், ஏனென்றால் வந்தால் சாக்கடை வந்தது. ஆட்சி மாறியபின் அது மெல்லத் தேய்ந்து, 2017-இல் நிறுத்திவைக்கப்பட்டது. பேச்சு செல்லும் என்றால் ஜனங்கள் வருவார்கள் என்பது அதன் ஒரு பாடம். ஆட்சியாளரின் தயவில் நிற்கும் கேட்பு தயவோடு போய்விடும் என்பது இன்னொன்று.

குறைந்தபட்சமாக ஒன்றைக் கேட்கலாம். அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில், அதிகாரி மைக்கைப் பிடித்ததும் முதலில் இதைச் சொல்லட்டும்: எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எது முடிவாகவில்லை, இன்றைக்கு நீங்கள் பேசுவதால் எது மாறும். மூன்று வாக்கியம். "எதுவும் மாறாது, தகவலுக்காகத்தான் கூப்பிட்டோம்" என்றால் அதையாவது நேர்மையாகச் சொல்லட்டும். தினக்கூலியை விட்டுவிட்டு வருகிறவர் வருவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

நாமும் ஒன்றைப் பழகிக்கொள்ளலாம். நம் வீட்டு வாசலில் யாராவது பள்ளம் தோண்டினால் சட்டென்று வாயில் வருவது, "யாரைக் கேட்டுத் தோண்டுறீங்க?" அதில் விசாரணை இல்லை, உரிமை இருக்கிறது. என்னைக் கேட்காமல் இது நடக்கக்கூடாது என்ற உறுதி. கண்ணகி நகருக்கு லாரியில் சாமான் ஏறும்போது அதே கேள்வியைக் கேட்க அங்கிருந்தவர்களுக்கும் அதே உரிமை இருந்தது. அவர்களோடு சேர்ந்து அதைக் கேட்க நம்மில் எத்தனை பேர் போனோம்?