இடம் விடுதல்

துப்பாக்கியின் மரக்கட்டையில், வலப்புறம், ஒரு விரல் படுக்கும் அளவுக்கு வெட்டப்படும் பள்ளம் ஒன்றைப் பற்றிச் சில நாட்களாக யோசித்து வருகிறேன். அற்ப விஷயம்தான். ஆனால் செய்நேர்த்தி ஒழுக்கரீதியில் நடுநிலையானதா என்ற பிரச்னையை, உருவம் – உள்ளடக்கம் என்று நாம் வருஷக்கணக்காக நடத்திய சண்டையைவிட ஸ்தூலமாக இந்தப் பள்ளம் என் முன் வைக்கிறது.

ஜெர்மானியரின் 1898ஆம் வருஷத்து மௌசர் துப்பாக்கியில் போல்ட்டின் பிடி பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். காலாட்படைக்கு அது போதும். குதிரைமேல் போகிறவனுக்கு வாரிலும் துணியிலும் மாட்டும். துப்பாக்கிமேல் தொலைநோக்கி பொருத்தினால் வேறொரு தொல்லை: பிடியை மேலே தூக்கும்போது அதில் இடிக்கும். ஆகவே பிடியைக் கீழ்நோக்கி வளைத்தார்கள். வளைத்த பிடியை மூடினால் அதன் குமிழ் மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அடியில் விரல் நுழைய இடமில்லை. பிடியே மரத்தில் தட்டி நின்றுவிட்டால் போல்ட் முழுக்கத் திரும்பிப் பூட்டாது. முதல் உலக யுத்தத்தில் மறைந்திருந்து குறிவைக்கிறவர்களுக்குக் கொடுத்த மௌசர்களிலும், 1935இல் வந்த குட்டை மௌசரிலும் இதற்காகவே கட்டையைக் குடைந்திருக்கிறார்கள்.

தென்காசியில் எனக்குப் பழக்கமான ஆசாரி ஒருவரிடம் – நிலையும் கதவும் செய்பவர், துப்பாக்கியைத் தொட்டவரில்லை – இதைப் படம் போட்டுக் காட்டினேன். "இரும்பு கேக்காது சார், மரத்துக்கிட்டதான் பேசணும்" என்றார். கொல்லர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். முதலில் வளைந்தது இரும்புதான். அதுவும் ஆபத்தோடு வளைந்தது. பிடியைப் பழுக்கக் காய்ச்சும்போது சூடு போல்ட்டின் முன்முனையிலுள்ள பூட்டுப்பற்களுக்கு ஏறிவிட்டால் அங்கே பதம் இறங்கிவிடும். அதற்காக ஈரத்துணி சுற்றிக் காய்ச்சுவார்கள். ஆனால் இரும்பு ஒருமுறை வளைந்து நின்றுவிடுகிறது. அதன்பிறகு குறைந்துகொண்டே போக வேண்டியது மரம்.

குறைப்பது எளிதல்ல. பிடியில் விளக்குக்கரி பூசி, மூடிப் பார்த்து, மரத்தில் கரி ஒட்டின இடத்தை மட்டும் நகவுளியால் சுரண்ட வேண்டும். மறுபடி பூச வேண்டும், மறுபடி மூட வேண்டும். கரி ஒட்டாமல் போனதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறவன் குற்றாலத்தில் ஒரு ஸீஸன் இருந்து பார்க்கவேண்டும். சித்திரையில் சிரமமில்லாமல் சாத்திய கதவு ஆடிச் சாரலில் நிலைக்குள் நுழைய மறுக்கும். மரம் நார் ஓடும் நீளத்தில் அநேகமாக ஊதுவதில்லை, குறுக்கே ஊதுகிறது. ஆக, இன்று தொடாமலிருந்தால் போதாது, ஆடியிலும் தொடாதபடி இடம் விடவேண்டும். அதிகம் விட்டாலோ, கை பற்றும் மெல்லிய கழுத்துக்குப் பக்கத்தில் மரம் பலவீனப்பட்டு, வெடியின் உதைப்பில் நார்வழியே விரிசல் காணும். வெட்டுப்பட்ட இடம் ஈரத்தைக் குடிக்கும் என்பதால் அதை எண்ணெயால் அடைக்கவும் வேண்டும்.

இத்தனையும் செய்தவன் துப்பாக்கியில் எதைச் சேர்த்தான்? ஒன்றையும் சேர்க்கவில்லை. ஓர் இல்லாமையைச் செய்தான். இல்லாமைக்குப் பாபம் உண்டா? 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் அடக்கிக்கொள்கிறது. உரிமம் இல்லாமல் பழுதுபார்ப்பதும் குற்றம். சரி. உரிமம் வாங்கினவனுக்கு என் கேள்வி அப்படியே நிற்கிறது.

சுடுகிறவன்தான் பொறுப்பு என்பது ஒரு பதில். யுத்தங்கள் முடிந்தபின் குமாஸ்தாக்கள் சொல்லும் பதில் இது. நண்பர் ஒருவர் வேறுவிதமாகச் சொன்னார்: மனசாட்சியுள்ள ஆசாரி பள்ளத்தைக் கொஞ்சம் கோணலாக வெட்டிவிடலாமே என்று. அவர் கவிஞர், அது அவருக்கு அழகாகப் பட்டிருக்கிறது. சரியாகப் பூட்டாத போல்ட் சுடாமல் போகலாம். சுடுகிறவன் முகத்திலும் வந்து அறையலாம். அவன் யார், எதற்காக ஏந்தியிருக்கிறான் என்பது கோணல் பள்ளத்துக்குத் தெரியாது. மோசமான வேலையை எதிர்ப்பு என்று சொல்லிக்கொள்வது எழுத்தாளர்களிடையேயும் உண்டு. அங்கே யாரும் சாவதில்லை என்பதால் பொறுத்துப் போகிறோம். மறுக்கிறவன் கட்டையைக் கையில் வாங்குமுன் மறுக்கவேண்டும்.

தொண்டைமானிடம் தூது போன ஔவையின் புறநானூற்றுப் பாட்டை வீரத்தின் புகழாகவே படித்து வந்திருக்கிறோம். நெய் பூசி அலங்கரித்த ஆயுதங்கள் காவலில் இருக்கின்றன; அதியமானுடையவை முறிந்துபோய்க் கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. ஆயுதம் அழகாக இருப்பது அதன் வேலையின்மைக்கு அடையாளம் என்று ஔவை கண்டது பெரிய காட்சி. ஆனால் அந்தக் கொட்டிலுக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பவன் அவற்றைச் செப்பனிடும்போது என்ன நினைத்தான் என்று பாட்டு கேட்கவில்லை.

பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டில் பின்கட்டை தனித்துண்டு. அதை நான்கு நீளங்களில் செய்தார்கள், ஆளின் கைநீளத்துக்குத் தக்கபடி. இரும்பு எல்லோருக்கும் ஒன்றுதான். ஏந்துகிறவன் யார் என்று கொஞ்சமாவது விசாரித்தது மரம். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அது எந்தக் கைக்கும் பொருந்தும்படி தொழிற்சாலையிலேயே முடிந்துபோன பொருள். சற்று நேரத்தில் அதே துப்பாக்கியால் தன்னையும் சுட்டுக்கொண்டார். அதற்கும் அது பொருந்தியது. தொழிற்சாலையில் அதைச் செய்தவனைக் கேட்க நம்மிடம் கேள்வி இல்லை. பள்ளம் வெட்டியவனைக் கேட்கலாம். பிடிக்கு அடியில் எவன் விரல் நுழைய வேண்டுமோ அவன் விரலை அவன் பார்த்திருக்கிறான், அளந்திருக்கிறான். அவனுடைய பங்கு அதிகமா குறைவா என்பதல்ல என் கவலை. அவ்வளவு பக்கத்தில் இருந்துவிட்டான்.

குற்றாலத் தலபுராணத்தில் அகத்தியர் திருமாலின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்குகிறார். சைவ – வைணவப் பிணக்கு என்று வரலாற்றாசிரியர் இதை முடித்துவிடுவார். எனக்கு முக்கியமாகப் படுவது பின்பாதி. அழுத்தினதில் ஸ்வாமிக்குத் தலைவலி கண்டுவிட்டது; அதற்கென்று மூலிகைத் தைலம் காய்ச்சித் தலையில் சாத்துகிறார்கள். உருமாற்றப்பட்டது கடவுளே ஆனாலும் கைபட்ட இடம் வலிக்கும் என்று ஒத்துக்கொண்ட வேறு புராணம் என் வாசிப்பில் இல்லை. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் போடுகிறவர்களிடமும் ஒரு கணக்கு இருக்கிறது: முதல் வாரம் தினமும், முதல் மாதம் வாரத்துக்கொரு தடவை, முதல் வருஷம் மாதத்துக்கொரு தடவை, அப்புறம் ஆயுளுக்கும் வருஷத்துக்கொரு தடவை. யாருடைய ஆயுள் என்று அதில் இல்லை.