சதுரங்கமும் இருவினையும்

விளையாட்டு யாவும் வீண் என்று ஒதுக்குவாரும், வாழ்வு முழுதும் ஒரு விளையாட்டே என்று எளிதாக எண்ணிக் கழிப்பாரும் உலகில் உளர். சதுரங்கம் என்னும் ஆட்டம் நாள்தோறும் நாம் ஒழுகும் ஒழுக்கத்திற்கு யாதேனும் பயன் தருமோ என்பதனை இவ்விரு திறத்தார்க்கும் இடையே நின்று ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மொரப்பூரில் எம்முடன் சித்தாந்த நூல் பயிலும் அன்பர் ஒருவர் ஒரு தடையை எழுப்பினர். "பலகையிற் காய்கள் தாமே நகர்வதில்லை, ஆடுவோன் நகர்த்துகின்றான். இறைவனும் உயிர்களை அவ்வாறே நகர்த்துகின்றான் எனின், வினைக்கு உயிர் பொறுப்பாதல் எங்ஙனம்? பொறுப்பு இன்றெனின், ஒழுக்க நூல்களால் ஆவது யாது?" என்பதே அத்தடை. இது வெறுஞ் சொல்லாட்டம் அன்று. இதற்குக் கூறும் விடை பிழைபடுமாயின், தன் குற்றத்தை இறைவன்மேல் ஏற்றுதலும், பிறரைத் தன் காய்களாகக் கருதி நகர்த்துதலும் ஆகிய இரு பெருங்கேடுகளும் உடன் விளையும்.

முதற்கண் இவ்வாட்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையால் பெயர் பெற்ற சதுரங்கம், நம் பாரத நாட்டில் தோன்றிப் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவிற்குச் சென்றது. சூதினைத் திருவள்ளுவர் தனி அதிகாரம் வகுத்துக் கடிந்தனர். ஆயின் சூதிற்கும் இதற்கும் வேற்றுமை பெரிது. சூதில் கவற்றின் வீழ்ச்சியே வெற்றி தோல்விகளை வகுத்தலின், தோற்றவன் கவற்றை நொந்து மீண்டும் ஆடத் துணிவன். சதுரங்கத்திலோ முன்நகர்வு யாருடையது என்பது ஒன்றொழிய, படையும் களமும் இருவர்க்கும் ஒன்றே, மறைவும் இல்லை. தோற்றவன் நொந்துகொள்ளத்தக்கது தன் கருத்தினையே. பொருள் வைத்து ஆடப்படின் இதுவும் சூதாய் முடியும் என்பது கூறவேண்டா.

சைவ மக்களுக்கு இவ்வாட்டம் புறம்பானதும் அன்று. திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்திற்கு அணித்தாக உள்ள திருப்பூவனூர், அப்பர் சுவாமிகள் ஐந்தாந் திருமுறையிற் பாடியருளிய தலம். ஆண்டு எழுந்தருளியுள்ள பெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். வசுசேனன் என்னும் அரசனுக்கு மகளாக வளர்ந்த இராசராசேசுவரி அம்மையைச் சதுரங்கத்தில் வெல்வார் ஒருவரும் இலராக, பெருமான் முதிய வடிவங்கொண்டு வந்து, எதிரமர்ந்து ஆடி வென்று மணந்தருளினன் என்பது தல வரலாறு.

இனி ஆட்டத்தின் விதிகளுள் ஒன்றை நோக்குவாம். தொட்ட காயை ஆடியே தீர்தல் வேண்டும். நகர்த்தி வைத்ததனை மீட்டல் கூடாது. முன்னைய நகர்வுகள் யாவும் சேர்ந்து இப்போதுள்ள நிலையைத் தந்தன. அந்நிலையை வெறுத்தாலும் வேண்டினாலும் அது மாறாது. ஆயினும் அதன்கண் அடுத்து ஆடற்பாலது யாது என்று ஆராய்தற்கு இடம் உண்டு. அடைந்த நிலை பிராரத்தத்திற்கும், அதனை நுகருங்கால் யான் எனது என்னும் முனைப்போடு செய்யப்படுவது ஆகாமியத்திற்கும் ஒருபுடை உவமையாகும். வறுமை வந்துற்றது என்பது ஒருவனுக்குக் கிடைத்த நிலை. அவ்வறுமையிற் பொய் சொல்லுதல் அவனே ஆடிய நகர்வு. பின்னதை முன்னதன்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

அண்மையில் நிகழ்ந்தது ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. 2024-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் உலக வாகைக்குரிய 14-ஆம் ஆட்டம் நிகழ்ந்தது. சென்னையைச் சார்ந்த பதினெட்டு வயதினரான குகேசும் சீன நாட்டுத் திங் லிரனும் அதுகாறும் ஆறரைப் புள்ளிகளோடு ஒத்து நின்றனர். அவ்வாட்டமும் சமனாய் முடியும் என்றே பலரும் எண்ணியிருந்த வேளையில், திங் தம் 55-ஆம் நகர்வில் பிழைத்தனர். குகேசு வாகை பெற்றனர். பலநாள் காத்த காவல் ஒரு கணத்துச் சோர்வால் வீணாயிற்று. ஒழுக்கத்திலும் இஃது ஒக்கும். நெடுநாள் நன்னடை என்பது இன்றைய சோர்வுக்கு ஈடு ஆகாது. அதனினும் சிறந்தது அதன்பின் நிகழ்ந்தது. தோற்றவர் முடிவு முறையானதே என்று ஏற்றுக்கொண்டனர். வென்றவர் கண்ணீர் பெருகியும் காய்களை முன்போல் நிரல்படப் பலகையில் வைத்தனர். இதுவே இருவினையொப்பு என்று கூறுகின்றோமல்லோம். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒப்ப நோக்கும் அப்பெருநிலைக்கு, வென்றவிடத்துத் தருக்காமையும் தோற்றவிடத்துத் துவளாமையும் சிறு பயிற்சியாதல் கூடும் என்பதே எம் கருத்து.

ஆயின் உவமையை எல்லை கடத்தல் ஆகாது. சதுரங்கத்தில் ஒரு காயை வலிந்து இழத்தல் உண்டு. அவ்விழப்புப் பின்வரும் ஊதியம் நோக்கியது. யாம் வாழும் இம்மொரப்பூர் அடங்கிய பண்டைத் தகடூர் நாட்டை ஆண்ட அதியமான், நெடிது வாழச் செய்யும் நெல்லிக்கனியை, அதன் ஆற்றலைக் கூறாது மறைத்து ஔவைக்கு ஈந்தனன். கைம்மாறு கருதியிருப்பின் மறைத்தல் வேண்டாவன்றே? அறத்தின் உயிர்நிலை இங்கே உள்ளது. இதனைப் பலகை கற்பியாது.

மற்றோர் எல்லையே அன்பர் தடைக்கு விடையாகும். காய் சடம்; உயிர் சித்து. காய்க்கு அறிவும் விருப்பும் முயற்சியும் இல. உயிர்க்கு அவை உள. ஆணவத்தால் மறைப்புண்டு கிடந்த அவற்றை விளக்குதற்கே இறைவன் தனு கரண புவன போகங்களைக் கூட்டுகின்றான். ஐந்தொழிலை இறைவன் விளையாட்டு எனலும் ஆம் என்ற அருணந்தி சிவாசாரியார், அதனோடு அமையாது, உயிர்கட்குப் போகமும் வீடும் அளித்து மலம் துடைத்தற் பொருட்டு அவை நிகழும் எனவும் சித்தியாரிற் காட்டினர். ஆடுவோன் தன் வெற்றிக்காகக் காயை இழப்பான். இறைவனோ தனக்கென ஒரு பயனும் வேண்டான், ஓர் உயிரையும் இழக்க ஒருப்படான். ஆதலின் இறைவன் உயிரை இயக்குதல், காயை நகர்த்துதல் போன்றது அன்று. ஞாயிற்றின் ஒளி கண்ணைக் காணச் செய்தல் போன்றது. ஒளியின்றிக் கண் காணாது. ஆயினும் காண்பது கண்ணே. ஆகவே இறைவன் இயக்கமும் உயிரின் பொறுப்பும் தம்முள் முரணா.

திருப்பூவனூர் வரலாறும் இதனையே நினைப்பிக்கின்றது. பெருமான் எதிரிருந்தாரைக் காயாக்கி நகர்த்தினானல்லன். அவர் ஆடுதற்கு இடந்தந்து தான் எதிரே அமர்ந்தான். அவ்வரலாற்றை உயிர்க்கு ஏற்றிப் பொருள்கொள்ளின், அங்கே தோல்வியே பெறலரும் பேறாய் முடிந்தமையும் புலனாம். யான் என்னும் முனைப்புத் தோற்குமிடத்தே சிவன் வெளிப்படுவன்.

முற்றறிவுடைய முதல்வனே உயிர்களைக் காய்களாகக் கருதாதிருக்க, மனையில் மக்களையும், பள்ளியில் மாணாக்கரையும், திருமடங்களில் பணிசெய்வாரையும் தம் எண்ணப்படி நகர்த்தற்குரிய காய்களாகக் கருதுவார் எத்துணைப் பெரும்பிழை செய்கின்றனர்! நன்கு ஆடுவோன் எதிரிருப்பவன் கருத்தை அவனிடத்தே நின்று எண்ணிப் பார்ப்பன். அப்பழக்கத்தை வெல்லுதற்கு அன்றி இரங்குதற்குப் பயன்படுத்துவார்க்கே சதுரங்கம் நல்லாசிரியனாகும். ஏனையோர்க்கு அது பொழுதுபோக்கே.

திருச்சிற்றம்பலம்.