வெள்ளிக்கிழமைக் கேல்

போன வருடம் ஓகஸ்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கேல் இலைகளிலிருந்து 31 புழுக்களைப் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். அன்று வீட்டில் சைவம். மத்தியானம் அந்தக் கேலைத்தான் வறை செய்து சாப்பிட்டோம். மீன் சமைக்கிற நாட்களில் எங்கள் வீட்டுக்காகச் சாவது பெரும்பாலும் ஒரு மீன்தான்.

ஸ்காபரோவில் எங்களுடைய பின்வளவு சின்னது. மே கடைசியில், இனி உறைபனி வராது என்று நம்பி 8 கன்றுகள் நட்டிருந்தேன். கேலும் கோவாவும் புரோக்கலியும் நாங்கள் நோக்கோல் என்று சொல்கிற நூல்கோலும் தாவரவியலில் ஒரே இனம். ஒன்றில் இலையை, ஒன்றில் மொட்டை, ஒன்றில் தண்டை மனிதர் பெருக்கவைத்தார்கள், அவ்வளவுதான். கடித்தால் மெல்லிய கடுகுக் காரம் தெரியும். அது பூச்சிகளை விரட்டச் செடி தனக்குள் வைத்திருக்கிற ஆயுதம். ஆனால் கோவா வெள்ளை வண்ணத்துப்பூச்சி அந்த ஆயுதத்தை அடையாளமாக வைத்தே செடியைக் கண்டுபிடித்து முட்டையிடுகிறது. ஐரோப்பாவிலிருந்து 1860 வாக்கில் கியூபெக்குக்கு வந்து இந்தக் கண்டமெங்கும் பரவிய பூச்சி அது. கேலும் வந்ததுதான், நாங்களும் வந்தவர்கள்தான். இதில் ஆருக்கு இடம் சொந்தம் என்ற கேள்வியைக் கிளறாமல் விடுவதுதான் எனக்கு வசதி.

புழு இலையின் அதே பச்சை. நடு நரம்போடு ஒட்டிப் படுத்திருக்கும். முதல் கிழமை ஒவ்வொன்றையும் எடுக்கும்போது விரல் கூசியது. மூன்றாம் கிழமை எண்ணத் தொடங்கியிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை வாளியைப் படமெடுத்து, ‘31!’ என்று எழுதித் தங்கச்சிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அந்த ஆச்சரியக்குறி கண்ணில் பட்டது. கொன்றதைவிட அது எனக்குக் கூடுதலாக உறுத்தியது. இன்றைக்கும் உறுத்துகிறது.

அம்மா வந்து வாளியைப் பார்த்தா.

“உதென்ன, ஊறவைச்சே கொல்லுறாய்? நசிச்சு விடு, ஒரு செக்கனில முடிஞ்சிடும்.”

சொல்லிக்கொண்டே இலையில் மிச்சமிருந்த ஒன்றை இரண்டு விரலுக்கிடையில் நசித்தா. கையைக் கழுவிவிட்டுச் சாமி அறைக்கு விளக்கேற்றப் போனா. அம்மா யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவ. விடியவே புழு எடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனவ.

பின்னாலேயே போய்க் கேட்டேன்: “வெள்ளிக்கிழமையெண்டு மீன் தின்னேல்ல. இது பாவமில்லையோ?”

“பாவந்தான். அப்ப ஆர் செய்யிறது? கடைக்காரனோ?”

‘செடிக்கும் உயிர் இருக்குத்தானே’ என்கிற விவாதத்தில் எனக்கு மரியாதை இல்லை. அதைச் சொல்பவர்கள் செடிக்காகக் கவலைப்பட்டு நான் கண்டதில்லை. அம்மாவின் கேள்வி வேறு வகை. கடையில் வாங்குகிற கேலில் புழு இல்லை என்றால் அதை ஆரோ கொன்றிருக்கிறார்கள். ‘ஆர்கானிக்’ என்று ஒட்டியிருந்தாலும்தான். ஆர்கானிக் வயல்களில் தெளிக்க அனுமதிக்கப்பட்ட ஒரு பாக்டீரியா மருந்து உண்டு. தின்ற புழுவின் குடற்சுவர் சிதைந்துபோகும். தின்பதை நிறுத்தி, ஓரிரு நாளில் சாகும். என்னுடைய வாளி அதைவிட இரக்கமானது என்றுகூட வாதாடலாம்.

உழுதால் மண்ணுயிர்கள் சாகும் என்று சமணம் உழவுத் தொழிலைத் தவிர்க்கச் சொன்னது. ஆனால் சோறு எல்லோருக்கும் வேண்டியிருந்தது, உழுதது வேறு ஆரோ. கொல்லாமைக்கு ஒரு முழு அதிகாரம் தந்த வள்ளுவர், செங்கோன்மையில், கொடியவர்களை அரசன் கொலைத்தண்டனையால் ஒறுப்பது பயிரைக் காக்கக் களை எடுப்பதற்குச் சமம் என்கிறார். சிறுவயதில் இது மரணதண்டனை பற்றிய குறளாக மட்டுமே தெரிந்தது. இப்போது வாசிக்கும்போது உவமையில்தான் கண் நிற்கிறது. மனிதனைக் கொல்வதற்கு நியாயம் தேடுகிறவருக்குக் களையைப் பிடுங்குவதற்கு நியாயம் தேவைப்படவில்லை. தோட்டத்துக்குள் நடக்கிற கொலை, கொலைக் கணக்கிலேயே வராத அளவுக்குப் பழகியிருக்கிறது. அம்மா அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே செய்கிறா. கையைக் கழுவுகிறா, விளக்கேற்றுகிறா. என்னால் அந்த இரண்டையும் அப்படி அடுத்தடுத்து வைக்க முடியவில்லை. நான் ஒன்றில் கூசுகிறேன், இல்லாவிட்டால் ஆச்சரியக்குறி போடுகிறேன்.

இந்த வருடம் வலை வாங்கி மூடினேன். பூச்சி உள்ளே வராது, நான் கொல்லவும் தேவையில்லை. இரண்டு கிழமை பெரிய நிம்மதி. பிறகு ஒருநாள் வெள்ளைப் பூச்சியொன்று வலையில் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டியது. அந்தப் பக்கம் ஒரு இத்தாலியக் கிழவர் கரும்பச்சைக் கேல் வளர்க்கிறார். பின்னேரங்களில் கையில் தெளிப்பானோடு நிற்பார். அவருக்கு இந்த வருடம் புழு கூடிவிட்டதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கண்டால் வெயிலைப் பற்றிக் கதைக்கிறோம்.

வறைக்கு நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, இலையைச் சுருட்டிக் கூந்தல் போல அரிய வேணும். கேல் முருங்கையிலை மாதிரி உடனே அடங்காது. கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இலையைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவிட்டுத்தான் மஞ்சளும் தேங்காய்ப்பூவும். இறக்கித் தேசிக்காய்ப் புளி. குளிர் தொட்ட இலை இனிக்கும். செடி தன் மாச்சத்தைச் சர்க்கரையாக்கிக் குளிரைத் தாங்குகிறது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, சோற்றோடு பிசையும்போது என் கோப்பையில் ஒரு புழு கிடந்தது. வலைக்குள் எப்படி வந்ததோ தெரியாது. வெந்து வெளிறி, அரை விரல் நீளம். ஓரமாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன்.

“என்ன, கல்லோ?” என்று அம்மா கேட்டா.

“ஒண்டுமில்லை. கறிவேப்பிலைக் காம்பு.”