அயல்நாட்டுப் படிப்பும் குடும்பக் கடனும்

பிள்ளைகளைப் படிக்கவைப்பது பெற்றோரின் கடமை என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை கடல் கடந்து படிப்பதற்காக, குடும்பம் முழுவதும் குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்கலாமா? தங்கையின் கலியாணத்துக்கென்று சேர்த்த நகையை அடகு வைக்கலாமா? இன்று கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுகின்றது. இதனைப் பணத்தைப் பற்றிய கேள்வி என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மையில் இது நீதியைப் பற்றிய கேள்வி. ஆகவே மனச்சாட்சியின் முன்வைத்து இதனை ஆராய்வது நலம்.

முதலாவது, தூர தேசம் சென்று கற்கும் ஆசை குற்றமன்று. அர்ச். இஞ்ஞாசியார் 1528-ம் ஆண்டு பாரீஸ் பட்டணத்துச் சர்வகலாசாலைக்குப் படிக்கச் சென்றார். ஸ்பெயின் தேசத்தில் அன்பர்கள் கொடுத்துதவிய பணத்தை, உடன் தங்கியிருந்த ஒருவனிடம் நம்பி ஒப்படைத்தார். அவனோ அதைச் செலவழித்துவிட்டான். இஞ்ஞாசியார் ஏழைகளுக்கான சத்திரமொன்றில் தங்க நேர்ந்தது. சத்திரத்துக் கதவு விடிந்த பின்னரே திறக்கப்படும். பாடமோ விடியுமுன் தொடங்கிவிடும். இதனால் படிப்புக் கெட்டது. பின்னர் அவர் ஆண்டுக்கொரு முறை பிளாண்டர்ஸ் நாட்டுக்கும், ஒரு தடவை லண்டன் மாநகருக்கும் சென்று, வியாபாரிகளிடம் பிச்சை பெற்று வந்து படிப்பைத் தொடர்ந்தார். அங்கே அவருக்கு அறைத் தோழராகக் கிடைத்தவரே, 1542-ம் ஆண்டு நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். சவேரியார். அயல்நாட்டுப் படிப்பினால் விளைந்த நன்மைக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆயினும் "தேவன் பார்த்துக்கொள்வார்" என்று கணக்குப் பாராமல் புறப்படுவது விசுவாசமாகாது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று சேசுநாதர் கேட்டார். தம்மைப் பின்செல்லுவதைக் குறித்து அவர் அருளிய உவமை அது. எனினும் வீட்டுக் காரியத்துக்கும் அது பொருந்தும்.

கணக்கை எப்படிப் பார்ப்பது? ஓர் உதாரணம் கூறுவோம். 20 லட்ச ரூபாய் கடன். வட்டி நூற்றுக்கு 10. படிப்பு இரண்டு ஆண்டு. அதற்கு மேல் தவணை தொடங்க ஓர் ஆண்டு அவகாசம். இம்மூன்று ஆண்டில் தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் 6 லட்சம் ஏறிவிடும். 26 லட்சத்தைப் பத்து ஆண்டில் தீர்ப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,000 ரூபாய். பிள்ளைக்கு உடனே வேலை கிடைக்காவிட்டால் இத்தொகையை யார் கட்டுவது? இந்தக் கேள்விக்கு விடை கண்ட பிறகே பாங்கின் படி ஏறவேண்டும்.

ஜெர்மனியின் அரசாங்கச் சர்வகலாசாலைகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் கட்டணமில்லாத படிப்பு செலவில்லாத படிப்பு அன்று. ஒரு வருட ஜீவனத்துக்கென்று முன்னதாகவே தனிக் கணக்கில் கட்டிக் காட்டவேண்டிய தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. "அங்கே போய் வேலை செய்து சம்பாதித்துக்கொள்வான்" என்பாரும் உண்டு. இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர் பாட காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதியில்லை. அந்தக் கூலி சாப்பாட்டுக்கு உதவலாம். கடனை அடைக்கும் என்று நம்புவது பேதைமை. ஆகவே உபகாரச் சம்பளங்களை முதலில் தேடுக. காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டஸ் போன்றவற்றுக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் வருமான வரம்புக்கு உட்பட்டுக் கல்விக் கடன் வழங்குகிறது. அங்கும் விசாரித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, நீதி. ஊதாரிப் பிள்ளையின் உவமையில் நாம் கவனியாது விடும் ஒரு செய்தி உண்டு. இளையவன் தூர தேசம் போகுமுன் தகப்பன் தன் ஆஸ்தியை இரு மக்களுக்கும் பங்கிட்டான். இளையவன் அழித்தது தன் பங்கை மட்டுமே. வீட்டிலிருந்த மூத்தவனுக்கு, எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்று தகப்பனால் பின்னர் சொல்ல முடிந்தது. நம் வீடுகளில் நடப்பதோ வேறு. போகிற பிள்ளையின் பங்கோடு, இருக்கிற பிள்ளைகளின் பங்கும் சேர்ந்து பாங்குக்குப் போய்விடுகிறது. அவர்களை யாரும் கேட்பதில்லை. தங்கை வாய் திறவாதிருப்பாள். தம்பி சிறுவனாக இருப்பான். பாட்டியின் மருந்துச் செலவு மெல்லக் குறைக்கப்படும். மௌனம் சம்மதமாகிவிடாது. கடன் வாங்குவது பாவமன்று. பிறர் பங்கை அவர் அறியாமல் பணயம் வைப்பதே அநீதி.

ஆகவே வீட்டை ஈடு வைக்கலாமா என்ற கேள்விக்கு விடை யாதெனில்: வைக்கலாம், மூன்று நிபந்தனைகளுடன். ஒரு நாள் மாலை ஜெபமாலை முடிந்ததும் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, கடன் தொகை, வட்டி, தவணை யாவற்றையும் வெளிப்படையாகப் பேசவேண்டும். படிப்பு கைகூடாவிட்டாலும் குடும்பம் தெருவில் நில்லாதபடி ஏதேனும் ஒரு வழி மீதியிருக்க வேண்டும். போகிற பிள்ளை அக்கடனைத் தன் கடனாக ஏற்று, சம்பாத்தியம் வந்தவுடன் பிறர் பங்கைத் திருப்பித் தருவதாக வாக்களிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், ஓர் ஆண்டு பொறுத்திருப்பதே நல்லது. இங்கேயே படித்துப் பின்னர் உபகாரச் சம்பளத்தில் செல்லுவதும் இழிவன்று.

மூன்றாவது, உண்மை. தரகர் சிலர், சில வாரங்களுக்கு மட்டும் பிறர் பணத்தைக் கணக்கில் போட்டுக் காட்டி விசா வாங்கித் தருவதாகச் சொல்லுகின்றனர். இது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பொய்ச்சாட்சி. கனடா நாட்டில் பொய்ப் பத்திரம் கொடுத்தது தெரிந்தால் ஐந்து ஆண்டு நுழைவு மறுக்கப்படும். அதைவிடப் பெரிய கேடு வேறொன்று. அந்நாடுகள் பணம் காட்டச் சொல்லுவது, வருகிற மாணவன் அங்கே பட்டினி கிடக்கலாகாது என்பதற்காகவும் அன்றோ? இல்லாத பணத்தைக் காட்டி அனுப்பும் தகப்பன் யாரை ஏமாற்றுகிறான்? தன் பிள்ளையின் பசியைத்தான் மறைக்கிறான்.

கடைசியாக ஒரு வார்த்தை. எவ்வளவு கவனமாகக் கணக்கிட்டாலும் சிலர் தோற்றுத் திரும்புவர். கடன் சுமையை நினைத்து, வெட்கத்தினால் வீட்டாரிடம் ஒன்றும் சொல்லாமல் அந்நிய தேசத்தில் தனிமையில் வாடும் பிள்ளைகள் உண்டு. பாரீஸில் தம் பணத்தை அழித்தவன் ரூவான் நகரில் நோயுற்றுக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டபோது, இஞ்ஞாசியார் வெறுங்காலுடன் நடந்து போய் அவனைத் தேற்றினார். அவன் ஊர் திரும்பவும் வழி செய்தார். 

பெற்றோரே, பிள்ளை புறப்படுமுன் கண்டிப்பாகக் கணக்குப் பாருங்கள். புறப்பட்ட பின்போ, எந்த நிலையிலும் வீட்டுக்கு வரலாம் என்று அவனுக்கு அடிக்கடி சொல்லுங்கள். பிள்ளைகளே, உங்கள் கட்டணச் சீட்டில் உங்கள் பெயர் மட்டுமே இருக்கும். அதைக் கட்டியவர்கள் வீட்டில் பலர். வாரந்தோறும் பூசை காணும்போது அவர்களை ஒவ்வொருவராக நினைத்து வேண்டிக்கொள்ளுங்கள்.