ரிலீவர்

எண்ணெய் வயல்களில் வேலை பார்த்தவர்களுக்குப் பயணம் நிறைய. சொல்லிக்கொள்ளும்படி பார்த்த ஊர்கள் குறைவு. பம்பாய் ஹையில் ஊர் என்று எதுவுமே கிடையாது. மும்பைக்கு மேற்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில், 1974-இல் சாகர் சாம்ராட் ரிக் துளையிட்டு எண்ணெய் கண்ட கடல் அது. இரும்புக் கால்களில் நிற்கும் மேடைகள், அவற்றை இணைக்கும் பாலங்கள், இரவும் பகலும் வாயு எரியும் சுடர், அவ்வளவுதான்.

14 நாள் கடலில், 14 நாள் வீட்டில். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயில் ஏறி மும்பைக்கு வந்து, ஜுஹு தளத்தில் பையோடு எடை பார்த்து, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் உட்கார வேண்டும். அதற்கு முன்பே பயிற்சிக் குளத்தில் இருக்கையில் கட்டிவைத்துத் தலைகீழாக நீருக்குள் கவிழ்த்திருப்பார்கள். சுழற்சி நிற்கும்வரை பெல்ட்டை அவிழ்க்கக் கூடாது. அவசரப்பட்டு அவிழ்த்தால் எது மேல், எது கீழ் என்றே தெரியாமல் போய்விடும்.

என் முறை முடிந்ததும் எனக்கு ரிலீவராக வந்தவர் அசாமில் சிவசாகரைச் சேர்ந்தவர். பல வருடங்கள் நாங்கள் இருவரும் ஒரே வேலையைப் பார்த்தோம், ஒரே படுக்கையில் மாறி மாறித் தூங்கினோம். ஆனால் சேர்ந்து உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டதில்லை. அவர் இறங்கும் ஹெலிகாப்டரில்தான் நான் ஏற வேண்டும். விசிறி சுழன்றபடியே இருக்கும். எந்த வால்வு கசிகிறது, எந்தப் பம்ப் அதிர்கிறது, எந்தப் பராமரிப்பு வேலை பாதியில் நிற்கிறது என்று காதருகே கத்திச் சொல்லிவிட்டு, எழுதிவைத்த நோட்டின் இடத்தையும் காட்டிவிட்டு ஓடுவேன்.

அந்தச் சில நிமிடங்களை நான் ஒருநாளும் சடங்காக நினைத்ததில்லை. 1988-இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் மாண்டார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அதே பம்பை இயக்கினார்கள். போகிறவன் சொல்லாமல் விட்ட ஒன்று வருகிறவனின் உயிரை எடுத்துவிடும் என்பதை எங்கள் தொழில் அப்படித்தான் கற்றது.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் சில நாட்கள் ஹெலிகாப்டர் வராது. அவர் ஜுஹுவில் காத்திருப்பார், நான் மேடையில். அந்த நாட்களில் அவர் வர வேண்டும், வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். ஒருவர் தன் பிள்ளைகளை விட்டுக் கிளம்பி வர வேண்டும் என்றுதான் வேண்டுகிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

2005 ஜூலை 27 அன்று உறைத்தது. காயமடைந்த ஊழியர் ஒருவரை மேடைக்கு மாற்ற நெருங்கிய கப்பல் பம்பாய் ஹை வடக்கு மேடையில் மோதியது. எரிவாயு கசிந்து தீப்பற்றியது. இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே அழிந்தது. 22 உயிர்கள் போயின. செய்தி வந்ததும் எங்களில் பலர் முதலில் எண்ணிப் பார்த்தது தேதியைத்தான்: இது யாருடைய முறை? முறை மாறியிருந்தால் வேறு பெயர்கள். அங்கே இருந்தவர்களில் ஒவ்வொருவரும், தனக்கு முன் நின்ற ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நின்றவர்.

பயணம் என்றால் நான் போனதும் வந்ததும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். என் ஊதியம், என் களைப்பு, என் வீட்டார் காத்திருந்த காத்திருப்பு. இப்போது கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. என் பிள்ளைகள் என்னோடு இருந்த ஒவ்வொரு நாளையும் இன்னொருவரின் பிள்ளைகள் கொடுத்திருக்கிறார்கள். நாங்களும் அவர்களுக்குக் கொடுத்தோம்தான். ஆனால் கொடுத்தது நினைவிருக்கிற அளவுக்கு வாங்கியது நினைவில் நிற்பதில்லை. என் ரிலீவரின் மனைவியை நான் பார்த்ததில்லை. சித்திரைப் பிறப்பும் அசாமின் பிஹுவும் ஏப்ரல் நடுவில் ஒரே சமயம்தான் வரும். நான் வீட்டில் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவும் சாப்பிட்ட வருடங்களிலெல்லாம், சிவசாகரில் அந்த அம்மா கணவரில்லாமல் பிஹு கொண்டாடியிருக்கிறார்.