சேதாரம் யாருடையது?

நிலம்பூரில் சாலியாற்று மணலை மரத்தட்டில் அலசிப் பொன் எடுப்பவர்கள் உண்டு. பொன் நீரைப் போல் 19 மடங்கு கனம்; மணல் இரண்டரை மடங்குதான். தட்டைச் சுழற்றினால் மணல் நீரோடு போகும். பொன் அடியில் தங்கும்.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் பொன்னாறு கிடையாது. ஆனால் நகைப் பட்டறைகள் இருக்கின்றன. அரம் உதிர்த்த பொடியும், கை கழுவிய நீரில் கலந்த துகளும் கடைசியில் சேருமிடம் சாக்கடை. பட்டறைத் தெருக்களில் அந்தச் சேற்றை வாரி, அலசி, பாதரசமிட்டுத் துகளைத் திரட்டிப் பிழைப்பவர்களை அரிப்புக்காரர் என்பார்கள்.

அந்தப் பொன் யாருடையது? ஆற்றுப் பொன்னை எவரும் இழக்கவில்லை. சாக்கடைப் பொன்னுக்கோ விலை கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். நகை வாங்கியவர் கூலிக்கு மேல் சேதாரம் கொடுத்தாரே, அது இந்தத் துகளுக்காகத்தானே? அவர் அதைத் தேடி வரப்போவதில்லை. பட்டறைக்காரர் தரையைக் கூட்டிய குப்பையைப் பத்திரப்படுத்தினால் அது தொழில் வழக்கம் என்கிறோம். சாக்கடையில் குனிந்தவனைக் கண்டாலோ, "என்னடா அங்கே?" என்று அதட்டுகிறோம். நிழலில் எடுத்தால் வரும்படி, சேற்றில் எடுத்தால் களவா?

எல்லோரும் கைவிட்ட பொருள், உழைத்து மீட்டவனுக்கே உரியது என்பேன். அவன் குனியாவிட்டால் அது மண்ணோடு மண்ணாகும். அதற்கு அவனும் விலை கொடுக்கிறான். பாதரசத்தைக் காய்ச்சும்போது எழும், நரம்பைக் கெடுக்கும் ஆவியைச் சுவாசிப்பவன் அவனே. அந்தச் சேதாரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.